“நைனா, இது எதுக்கு?”
கிறிஸ்துமஸ் நாட்களில் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி

(குடும்ப வேதபாடம்)

வேதபகுதி: யோசுவா 4:1-9; லூக்கா 2:1-24



பிரியமானவர்களே, மார்கழிப் பனி விழ ஆரம்பித்துவிட்டது. ஏரியில் வாடைக்காற்று வீசுகிறது. பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. காட்டுப்பள்ளி தொடங்கி பழவேற்காடு வரைக்கும் எந்த விசுவாசி வீட்டுக்குப் போனாலும் இப்போது ஒரே பேச்சுதான். துணி எடுத்தாச்சா? முறுக்குக்கு மாவு அரைச்சாச்சா? ஸ்டார் கட்டியாச்சா?

இந்த நாட்களில் பிள்ளைகளுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தப் பாடம். நான் பெரிய ஊழியக்காரன் இல்லை. வலை போட்டுப் பிழைக்கிறவன். சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு உட்காருகிற கிருபையைக் கர்த்தர் கொடுத்திருக்கிறார். என் சொந்த வீட்டில் நான் செய்த ஒரு தவறிலிருந்தே இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

நான் கிழித்துப் போட்ட நட்சத்திரம்

இது நடந்து 25 வருஷம் ஆகிறது. நான் இரட்சிக்கப்பட்ட புதிது. குடியை விட்டேன், பீடியை விட்டேன், ஆண்டவருக்கு மகிமை! ஆனால் புதுசாக வந்த வைராக்கியத்தில், யாரைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிற சுபாவமும் கூடவே வந்துவிட்டது. அந்த டிசம்பரில் என் மனைவி மூங்கில் சிம்பை வளைத்து, பட்டம் விடுகிற கலர் காகிதத்தை மைதாப் பசையில் ஒட்டி, ஒரு நட்சத்திரம் செய்தாள். ஆறு வயசு மகள் பக்கத்தில் உட்கார்ந்து வால் ஒட்டினாள். இரண்டு நாள் வேலை.

நான் கரைக்கு வந்து பார்த்தேன். “இதெல்லாம் புறஜாதியார் வழக்கம். வேதத்துல எங்க இருக்குது ஸ்டாரு?” என்று கத்தி, அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. மகள்தான் கிழிந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

“நைனா, இயேசு சாமி பொறந்தது உனுக்குப் புடிக்கலையா?”

என்னிடத்தில் பதில் இல்லை. பிரசங்கத்தில் கேட்ட எந்த வார்த்தையும் வாயில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி வலையைப் போட்டுவிட்டுப் படகில் உட்கார்ந்து அழுதேன். விடியற்காலையில் பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “போய் யோசுவா 4-ம் அதிகாரத்தைப் படிச்சிட்டு சாயங்காலம் வாங்க தம்பி” என்றார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

1. கல் எதற்கு? கேள்வி பிறப்பதற்கு!

இஸ்ரவேல் ஜனங்கள் யோர்தானைக் கடந்தபோது, கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் ஆற்றின் நடுவிலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து வந்தார்கள். அந்த ராத்திரி தங்கின இடத்தில் அவற்றை வைத்தார்கள். அவை விலையேறப்பெற்ற கற்கள் அல்ல, ஆற்றுக்கல்தான். எதற்காகச் சுமந்தார்கள்? பின்னாட்களில் பிள்ளைகள் அதைப் பார்த்து ‘இது என்ன?’ என்று கேட்பார்கள், அப்போது தகப்பன்மார் கர்த்தர் செய்ததை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

இது வேதத்தில் ஒரு இடத்தில் மட்டும் இல்லை. யாத்திராகமம் 12:26-ல் பஸ்கா ஆராதனையைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று சொல்லியிருக்கிறது. உபாகமம் 6:20-ல் கட்டளைகளைப் பற்றி மகன் கேட்பான் என்று இருக்கிறது. மூன்று இடத்திலும் ஒரே முறைதான்: கண்ணுக்கு முன்னால் ஒரு காரியம் இருக்கும், பிள்ளை கேட்கும், பெரியவர்கள் பதில் சொல்வார்கள்.

தேவன் பிள்ளைகளை நன்றாக அறிந்தவர். சின்னப் பிள்ளைக்கு முதலில் கண்ணும் கையும்தான் வேலை செய்யும். காது அப்புறம்தான் திறக்கும். ஆகவே நம் வீட்டு வழக்கங்கள் அந்த ஆற்றுக்கல்லைப் போன்றவை. கல்லை வைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனால் அது வெறும் கல். நான் செய்தது அதைவிட மோசம். பிள்ளை கேட்பதற்கு முன்னாலேயே கல்லைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

2. ஆசரிக்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்வி நம் பெந்தெகொஸ்தே குடும்பங்களில் இருக்கிறது. டிசம்பர் 25-ஐ ஆசரிக்காத ஐக்கியங்கள் இன்றைக்கும் உண்டு. ஒரே தெருவில் ஒரு விசுவாசி வீட்டில் ஸ்டார் எரியும், அடுத்த விசுவாசி வீட்டில் இருக்காது. இதைப் பற்றிச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது.

ஆண்டவர் பிறந்த தேதி வேதத்தில் இல்லை. இது உண்மை. டிசம்பர் 25 என்று ரோமாபுரியில் ஆசரித்ததற்கு கி.பி. 336-லிருந்து ஆதாரம் இருக்கிறது. அர்மீனிய சபையார் ஜனவரி 6-ல் ஆசரிக்கிறார்கள். பழைய நாட்காட்டியைப் பின்பற்றுகிற ருஷ்ய சபையாருக்கு அது ஜனவரி 7-ல் வருகிறது. கிறிஸ்துமஸ் கூடாது என்று சொன்ன பக்திமான்களும் நமக்கு முன்னமே இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-ல், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்றே சட்டம் போட்டார்கள். 1681-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே தேதிக்காகச் சண்டை போட நமக்கு வேதத்தில் இடமில்லை. ரோமர் 14-ல் அப்போஸ்தலனாகிய பவுல், நாளை விசேஷமாக எண்ணுகிறவனையும் எண்ணாதவனையும் குறித்துப் பேசுகிறார். இருவரும் கர்த்தருக்கென்று செய்ய வேண்டும், ஒருவரையொருவர் குற்றப்படுத்தக் கூடாது என்பதே அவருடைய ஆலோசனை.

ஆனால் ஒன்று. ஆசரிக்கிற வீடாயிருந்தாலும் ஆசரிக்காத வீடாயிருந்தாலும் பிள்ளைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். “நம்ம வீட்ல ஏன் ஸ்டார் இல்ல?” என்று கேட்கிற பிள்ளைக்கும் இயேசுவின் பிறப்பைப் பற்றி சந்தோஷமான பதில் கிடைக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்கிற சத்தியம் பிள்ளைக்குச் சத்தியமாகப் போய்ச் சேராது. இதை நான் அனுபவித்துச் சொல்லுகிறேன்.

3. நம் வீட்டு வழக்கங்களும் அவற்றின் பதிலும்

(அ) நட்சத்திரம். காகித நட்சத்திரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அப்படிச் செய்வதில் பேர்போனவர்கள் மொரேவியன் சபையார். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் அவர்கள் நடத்தின பள்ளிக்கூடத்தில், 1830-களில், கணக்குப் பாடத்துக்காகப் பையன்கள் செய்ததிலிருந்து அது பரவியதாகச் சொல்கிறார்கள். ஆக அது பிறந்ததே பிள்ளைகள் கையில்தான்! மத்தேயு 2-ல் வருகிற நட்சத்திரம் தூரதேசத்து சாஸ்திரிகளைப் பிள்ளை இருந்த வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டது. தொழில் செய்கிற நமக்கு இது புரியாதா? விடிவெள்ளியைப் பார்த்து நேரம் சொன்ன தாத்தாமார் பரம்பரை நாம். பிள்ளை கேட்டால் சொல்லுங்கள்: “வழி தெரியாதவங்களுக்கு வழி காட்டத்தான் இது. நம்ம வீடும் அப்படி இருக்கணும்.”

(ஆ) முன்னணை. பிரான்சிஸ் என்ற துறவி 1223-ல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில், உண்மையான மாட்டையும் வைக்கோலையும் வைத்து, படிக்காத ஜனங்களுக்கு ஆண்டவரின் பிறப்பைக் காட்டினார். அதிலிருந்துதான் குடில் வைக்கிற பழக்கம் பரவியது. நம்மில் பலர் சொரூபங்கள் வைப்பதில்லை. வேண்டாம். ஆனால் முன்னணை என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரிகிறதா? மாடு தின்கிற தொட்டி! ஒரு பனையோலைக் கூடையில் கொஞ்சம் வைக்கோலைப் போட்டுக் காட்டுங்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் அப்படிக் காட்டினபோது ஒரு சின்னப் பையன் சொன்னான்: “அப்போ நம்ம ஊர்ல பொறந்திருந்தா வலை மேல படுக்க வெச்சிருப்பாங்க.” ஸ்தோத்திரம்! அந்தப் பிள்ளைக்கு ஆவியானவரே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

(இ) பலகாரம். முறுக்கும் அதிரசமும் அச்சு முறுக்கும் சுட்டு, தட்டில் வைத்துத் துணி மூடி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புகிறோம். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்தார்கள். பழவேற்காட்டில் பாய் வீட்டிலிருந்து பெருநாளைக்கு பிரியாணி வந்தது. இந்தத் தட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள். நெகேமியா 8:10-ல் பரிசுத்தமான நாளில் ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பச் சொல்லியிருக்கிறது. ஆகவே திருப்பித் தர முடிகிற வீட்டுக்கு மட்டும் தட்டு போனால் போதாது. திருப்பித் தர முடியாத வீட்டுக்கு முதலில் போகட்டும்.

(ஈ) புதுத்துணி. பிள்ளைக்குப் புதுத்துணி எடுப்பதில் தவறில்லை. இரண்டு எடுக்க வசதியுள்ளவர்கள், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வேறொரு பிள்ளைக்கு எடுங்கள். பறியை வாயில் கடித்துக்கொண்டு, நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிற இருளர் குடும்பங்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதற்காகப் போக வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

(உ) கேரல் ரவுண்ட்ஸ். டிரம் அடித்துக்கொண்டு வாலிபர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம். இது சரியா? பெத்லகேமில் ஏரோது செய்த காரியத்தால் பிள்ளைகளை இழந்து அழுத தாய்மாரும் கிறிஸ்து பிறந்த சரித்திரத்தில்தான் இருக்கிறார்கள். துக்க வீட்டு வாசலில் டிரம்மை நிறுத்துங்கள். உள்ளே போய் மெதுவாக ஒரு பாட்டைப் பாடி ஜெபித்துவிட்டு வாருங்கள். ஒருவருஷம் நாங்கள் அப்படிப் போனோம். வயசான அந்தத் தாயார் எங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த வருஷம் எங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்கன்னு லைட்டை அணைச்சிட்டேன் கண்ணுங்களா” என்றார்கள். பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள்.

4. இரண்டு புறாக் குஞ்சுகள் — கடனில்லாத கிறிஸ்துமஸ்

தேவ பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று தியானியுங்கள். லூக்கா 2:24-ஐ நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். மரியாளும் யோசேப்பும் தேவாலயத்துக்குக் கொண்டுபோன காணிக்கை என்ன? ஒரு ஜோடிப் புறா. லேவியராகமம் 12-ஐத் திருப்பிப் பாருங்கள். பிள்ளை பெற்றவள் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவர வேண்டும், ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவள் இரண்டு பறவைகளைக் கொண்டுவரலாம் என்றிருக்கிறது. உலக இரட்சகரைக் கையில் வைத்திருந்த குடும்பம் ஏழைகளுக்கான காணிக்கையைச் செலுத்தியது. “ஊர் என்ன சொல்லும்” என்று வட்டிக்கு வாங்கி ஆட்டுக்குட்டியை அவர்கள் பிடித்து வரவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்குகிறோம். மாசம் 1,000 ரூபாய் வட்டி. அடுத்த கிறிஸ்துமஸ் வருவதற்குள் 12,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருப்போம், முதல் அப்படியே நிற்கும். தண்டல்காரர் வாசலில் நிற்கும்போது தாய் அடுக்களையில் ஒளிகிறாள். “அம்மா இல்லேன்னு சொல்லு” என்று பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுக்கிறோம். பிள்ளைக்கு எடுத்த சட்டை மூன்று மாசத்தில் கிழிந்து போகும். கற்றுக்கொண்ட பொய் கிழியாது.

ஒரு வழி சொல்கிறேன். விசைப்படகுகளின் தடைக்காலம் முடிகிற ஜூன் 15-லிருந்து டிசம்பர் 24 வரைக்கும் 193 நாள். நாளைக்கு 20 ரூபாய் உண்டியலில் போட்டால் 3,860 ரூபாய் சேரும். தொழில் இல்லாத நாளில் 5 ரூபாய் போடுங்கள், தொழில் கிடைத்த நாளில் ஈடுகட்டுங்கள். உண்டியலைப் பிள்ளை கையில் கொடுங்கள், அதுவே போடட்டும். டிசம்பரில் திறந்து, குடும்பமாக உட்கார்ந்து எண்ணி, முதலில் ஆண்டவருக்கும் ஏழைக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குள்ளே பண்டிகையை முடியுங்கள். எண்ணிப் பார்த்த பிள்ளை கடையில் அடம் பிடிக்காது.

கையில் ஒன்றுமே இல்லாத வருஷமும் வரும். 2023 டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம் புயலும் வெள்ளமும் வந்தது நமக்கு மறக்குமா? அந்த வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்துப் போயின. எத்தனையோ குடும்பங்களுக்குத் தொழில் நின்றது. அந்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலும் புதுத்துணி இல்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் லூக்கா 2:24-ஐ வாசித்தோம். பேரப்பிள்ளை கேட்டான்: “இயேசு சாமி வீட்லயும் காசு இல்லையா தாத்தா?” “இல்லடா கண்ணு” என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனான். எனக்குத்தான் ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

5. ராத்திரி வேலைக்காரருக்கு வந்த செய்தி

பண்டிகைக்கு முந்தின ராத்திரி தகப்பன் வீட்டில் இல்லாத வீடுகள் நம் ஊர்களில் உண்டு. ஏரித் தொழிலில் பாடு முறை இருக்கிறது. சீட்டு விழுந்தபடி, முறை வந்த நாளில் அந்த இடத்தில் வலை போட்டே ஆக வேண்டும். 24-ம் தேதி பாடு விழுந்தால் என்ன செய்வது?

லூக்கா 2-ல் அந்த நற்செய்தி முதலாவது யாருக்கு அறிவிக்கப்பட்டது? ராத்திரி முறையில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பருக்கு! வீட்டில் பண்டிகை கொண்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அல்ல. வேலையில் இருந்தவர்களுக்கு. ஆகவே தகப்பனார் ஏரியில் இருந்தால் பிள்ளைகள் முகம் வாட வேண்டாம். விளக்கை ஏற்றி வையுங்கள். விடியற்காலையில் அவர் கரை ஏறி வந்தபிறகு எல்லாருமாக உட்கார்ந்து லூக்கா 2-ஐ வாசித்து, ஜெபித்து, அப்புறம் ஆராதனைக்குப் புறப்படுங்கள். எங்கள் வீட்டில் இதுவே வழக்கமாகிவிட்டது. மீன் வாசனை அடிக்கிற கையால் வேதத்தைத் திறக்கக் கூச்சப்பட வேண்டாம். அந்த மேய்ப்பர்களும் குளித்துவிட்டுப் போகவில்லை.

சீகன்பால்க் ஐயர் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 300 வருஷத்துக்கு மேலாக இந்த அதிகாரம் நம் பாஷையில் அச்சில் இருக்கிறது. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் வாசிக்கட்டும். பெரியவர்களுக்கு எழுத்துக்கூட்ட வராவிட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கட்டும், பெரியவர்கள் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசு இல்லை.

தகப்பன்மாரே, இன்னொரு வார்த்தை. பண்டிகை என்றால் பாட்டில் என்று நினைக்கிற ஊரில் நாம் இருக்கிறோம். 24-ம் தேதி டாஸ்மாக் வாசலில் நிற்கிற தகப்பனுக்காக, வாசலில் ஸ்டாரைப் பார்த்துக்கொண்டே பயத்தோடு காத்திருக்கிற பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு கிறிஸ்துமஸ் என்றாலே சண்டைச் சத்தம்தான் ஞாபகம் வரும். நானும் அப்படிக் குடித்துக் கிடந்தவன்தான். விடுவிக்கிற ஆண்டவர் உயிரோடிருக்கிறார். இந்த வருஷம் அந்தப் பயத்திலிருந்து உங்கள் பிள்ளைக்கு விடுதலை கொடுங்கள்.

6. லீவு நாட்கள்: பார்ப்பதும் ஜாக்கிரதையாயிருப்பதும்

இந்த விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏரியில் இறங்கியிருக்கிற பூநாரைகளைக் காட்டுங்கள். வெளியூர்க்காரர்கள் பணம் செலவழித்து வந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறார்கள். பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறமாயிருக்கும். தண்ணீரில் அது தின்கிற சின்ன இறால் வகைகளாலும் பாசியாலும்தான் வருஷக்கணக்கில் அந்த ரோஸ் நிறம் ஏறுகிறது. நம் பிள்ளைகளும் அப்படியே. வீட்டில் எதைத் தின்று வளர்கிறார்களோ, அந்த நிறம்தான் அவர்கள் மேல் ஏறும். வசனத்தைத் தின்றால் வசனத்தின் நிறம். வசைச்சொல்லைத் தின்றால் அந்த நிறம்.

ஆனால் தண்ணீரில் விளையாட்டு வேண்டாம். 2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. பண்டிகையைக் கழிக்கப் பழவேற்காட்டுக்கு உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள் ஏறின படகு கவிழ்ந்தது. சிறு பிள்ளைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கே! அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. பட்டணத்திலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், “ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ மாமா” என்று கெஞ்சுவார்கள். காசு கொடுப்பதாகவும் சொல்வார்கள். இல்லை என்று சொல்லுங்கள். அவர்கள் கோபம் பொங்கலுக்குள் ஆறிப்போகும்.

அடுத்த நாள் 26-ஐயும் நாம் மறக்க முடியாது. 2004-ல் அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பண்டிகை முடிந்த காலையில் சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். நம் கரைக்கும் அலை வந்தது. அன்றைக்குப் பிள்ளைகளாக ஓடினவர்கள் இன்றைக்குத் தாய் தகப்பன்மார். அந்த நாளைப் பற்றிப் பிள்ளைகளிடத்தில் பேசுங்கள். பூமி அதிர்ந்தாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும், நின்று வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். மரித்தவர்களை நினைத்து, உயிரோடு காத்த தேவனை அந்தக் காலையில் குடும்பமாகத் துதியுங்கள். இதுவும் யோர்தானில் எடுத்த ஒரு கல்தான்.

துறைமுகம் வந்தபோது பழைய குப்பத்தை விட்டு வந்த குடும்பங்களும் நம்மில் இருக்கிறார்கள். “எங்க பழைய வீடு எங்க இருந்துச்சு ஆயா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லுங்கள். அந்த மணலில் எப்படி கிறிஸ்துமஸ் வந்தது, யார் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது என்று சொல்லுங்கள். பேர் எழுத ஊர்விட்டுப் போன வழியில் பிறந்தவர் நம் ஆண்டவர். அப்புறம் எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடப்பட்ட பிள்ளை அவர். இடம் மாறின பிள்ளைகளின் மனசு அவருக்குத் தெரியும்.

முடிவாக

அந்த வருஷம் யோசுவா 4-ஐ வாசித்தபிறகு நான் கடைக்குப் போய்க் கலர் காகிதம் வாங்கி வந்தேன். மகளைக் கூப்பிட்டு, “நைனா தப்பு பண்ணிட்டேன், வா, ரெண்டு பேரும் ஒட்டலாம்” என்றேன். என் கை வலை பின்னுகிற கை, காகிதத்துக்குப் பழக்கமில்லை. கோணலாகத்தான் வந்தது. அதைத்தான் தொங்கவிட்டோம்.

போன வருஷம் அந்த மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகன் ஸ்டாரைக் காட்டி, “இது எதுக்கும்மா?” என்று கேட்டான். அவள் அடுப்பு வேலையை நிறுத்திவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். சாஸ்திரிகளைப் பற்றிச் சொன்னாள், வழியைப் பற்றிச் சொன்னாள். அப்புறம், “உங்க தாத்தா ஒரு தடவை இதைக் கிழிச்சிட்டு, அப்புறம் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு” என்றும் சொன்னாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பதிலில் சுவிசேஷம் முழுவதும் இருந்தது. கர்த்தருக்கே மகிமை!

குடும்பமாகப் பேச:

1. நம் வீட்டில் வருஷா வருஷம் செய்கிற ஒரு காரியம் என்ன? அதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்ல என்ன பதில் இருக்கிறது?
2. இந்தப் பண்டிகைச் செலவில் கடன் எவ்வளவு? அதில் எதைக் குறைக்கலாம்?
3. நம் தட்டு முதலில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?
4. பிள்ளைகளிடத்தில் நாம் மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியம் ஏதாவது உண்டா?

ஜெபம்:

அன்பின் பரலோகப் பிதாவே, ஏழ்மையின் கோலமாய் உம்முடைய குமாரனை எங்களுக்குத் தந்தீரே, ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லுகிற வாயை எங்களுக்குத் தாரும். கடனுக்கும் குடிக்கும் சண்டைக்கும் எங்கள் வீடுகளை விலக்கிக் காரும். ராத்திரியில் ஏரியிலும் கடலிலும் இருக்கிற தகப்பன்மாரைப் பத்திரமாய்க் கரை சேர்த்தருளும். இந்த லீவு நாட்களில் எங்கள் சிறு பிள்ளைகளை உமது கரத்தில் மூடி மறைத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.